கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையை 16 வயதில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: ஐயா, எனக்கு 16 வயது. பள்ளியில் படிக்கிறேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசி தட்டி, ராம் மாற்றி நானே ஓட வைத்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பழுதான லேப்டாப்களை என்னிடம் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். போன வாரம் மாமாவின் லேப்டாப்பையும் அப்படித்தான் ஃபார்மட் செய்தேன். வேகமாகிவிட்டது. ஆனால் அதில் பத்து வருடப் படங்கள் இருந்ததாம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வேலையை ஒழுங்காகக் கற்க என்ன செய்ய வேண்டும்? என்ன கருவிகள் வாங்குவது? சான்றிதழ் அவசியமா? காசு வாங்கலாமா?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாமாவின் லேப்டாப். அதை இன்றே அணைத்து வைக்கச் சொல். ஒரு நிமிடம்கூட இனி ஓட வேண்டாம்.

உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை இருக்கிறது. சாதாரண விரைவு ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கிறது. படங்கள் தட்டின் மேல் அப்படியே கிடக்கும். அவற்றின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்போதுதான் உண்மையில் தொலையும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அப்டேட், பிரவுசர் என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அணைக்கச் சொல்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் தேடிப் பார். கிடைப்பதை அதே டிஸ்க்கில் சேமிக்காதே, வேறு டிஸ்க்கில் சேமி. கோப்புப் பெயர்கள் போயிருக்கும். படங்கள் கணிசமாகத் திரும்பி வரலாம்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க் என்றால் நிலைமை வேறு. ஃபார்மட் செய்ததும் 'இந்த இடமெல்லாம் காலி' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அதற்கு டிரிம் என்று பெயர். பிறகு எஸ்எஸ்டி தானாகவே அந்த இடங்களைத் துடைத்துவிடும். மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது மாமாவின் பழைய போன்கள், மெமரி கார்டுகள், கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ், உறவினர்களுக்கு அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றிலும் அவரோடு உட்கார்ந்து தேடு. பத்து வருடப் படங்களில் பெரும்பகுதி முதலில் ஏதோ ஒரு போனில் எடுத்ததாகத்தான் இருக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்ன நடந்தது என்று அவரிடம் முழுதாகச் சொல்லிவிடு. 'ஃபார்மட் செய்வதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும்' என்பதையும் சேர்த்துச் சொல்.

உனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரிகிறது. இந்தத் தொழிலில் நான் தொடங்கிய காலத்தில் ஒரு பெண்மணி கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று கொண்டு வந்தார். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து லேசாக டிக், டிக் என்று சத்தம். எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்கைச் சரிசெய்யட்டும் என்று இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் டிஸ்க் முழுதாகச் செத்திருந்தது. சாகும் நிலையில் இருந்த டிஸ்க்கை விடிய விடிய ஓட வைத்ததே நான்தான். அதில் இறந்துபோன அவருடைய அப்பாவின் படங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. அன்று அவர் அழுதது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

அதற்குப் பிறகு யார் எந்த மெஷினைக் கொண்டு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொட மாட்டேன். இதில் உங்களுக்கு முக்கியமானது என்ன இருக்கிறது? அதற்கு வேறு பிரதி இருக்கிறதா? பிரச்சினை தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதிப் பழுது தெரிந்துவிடும். கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, மின்னல் அடித்த அன்று போனதா, புதிதாக ஏதாவது போட்டார்களா என்று பொறுமையாகக் கேள். தண்ணீர் கொட்டியதைப் பலர் முதலில் சொல்ல மாட்டார்கள். திட்டுவாய் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும்.

பேக்கப் எடுப்பதற்கு முன்பே டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்திருக்கும் ஸ்மார்ட் தகவல்களைக் காட்டும். செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு சேமிப்புத் துண்டு. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அவை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் பழுதுபார்க்கும் வேலை எதுவும் செய்யாதே. வேறு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்பதுதான் முதல் வேலை. விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸில், நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடிபட்ட பகுதிகளைக் கடைசியில்தான் தொடும். டிக் டிக் சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, 'இது டேட்டா மீட்பு நிபுணர் பார்க்க வேண்டியது, என்னால் ஆகாது' என்று சொல். அப்படிச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொன்று. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல், சாவி இல்லாமல் டேட்டாவைப் படிக்க முடியாதபடி டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸை (மெஷினை எழுப்பும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்தாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாவி எங்குமே கிடைக்காவிட்டால் டேட்டா போனது போனதுதான். அந்தச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பயாஸ் பக்கம் போகாதே.

சரி, கற்பதற்கு வருவோம். நீ இதுவரை கற்றது விண்டோஸ் போடுவதை. அது தேவைதான். ஆனால் என்ன பழுது என்று தெரியாமல் விண்டோஸ் போட்டால், ராம் கெட்ட மெஷின் இரண்டு நாள் கழித்து அதே நீலப் பிழைத்திரையோடு திரும்பி வரும். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் சோதி, பலனை எழுதி வை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பயாஸையும் ரீசெட் செய்த பிறகு மெஷின் ஓடினால் எது பழுது என்று உனக்குத் தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் செய்ய வேண்டியிருக்கும்.

டிஸ்பிளே வராத கம்ப்யூட்டரை எடுத்துக்கொள். கழற்றும் முன், மானிட்டர் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டு துளையில் செருகிவிட்டுக் கறுப்புத் திரையோடு தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கழற்றி மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை என்று குறைத்துக்கொள். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் இருக்கட்டும். இப்போது உயிர் வந்தால், கழற்றியவற்றில் ஒன்றில்தான் பழுது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர். வரவில்லையென்றால் ராமை அடுத்த துளைக்கு மாற்று, வேறு நல்ல ராமைப் போட்டுப் பார். ராமின் தங்கநிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துச் செருகினாலே எழுந்து உட்காரும் மெஷின்கள் ஏராளம். ஒரு எச்சரிக்கை: டிடிஆர்5 ராம் போட்ட புது மதர்போர்டு முதல் முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். பதறி அணைத்துவிடாதே.

லேப்டாப்பில் டிஸ்பிளே இல்லையென்றால் வெளி மானிட்டரை இணைத்துப் பார். அதில் படம் வந்தால் மதர்போர்டு பெரும்பாலும் பிழைத்தது. திரையோ அதற்குப் போகும் கேபிளோதான் சந்தேகம். இருட்டறையில் திரையின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் பின்விளக்குதான் போயிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் பிரித்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாலே சில மெஷின்கள் உயிர் பெறும். காசு செலவில்லாத சோதனைகளை எல்லாம் முடித்த பிறகுதான் பாகம் வாங்கச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பயிற்சி மெஷின் வேண்டும். யாரும் கேட்காத, டேட்டா இல்லாத, பழைய மெஷின்கள் இரண்டு மூன்று சேகரித்துக்கொள். ஒரே மெஷினை முழுதாகக் கழற்றி மாட்டு. மறுநாள் திரும்பவும் செய். லேப்டாப் என்றால் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரி. மெல்லிய ரிப்பன் கேபிள்களை இழுக்காதே, அவற்றைப் பிடித்திருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தூக்கினால் தானாக வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வை. நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முடுக்கினால் மதர்போர்டைத் துளைத்துவிடும். டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்கள் தங்கள் பல மாடல்களுக்குச் சர்வீஸ் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. 2003-ல் தொடங்கிய ஐஃபிக்ஸிட் தளத்தில் படிப்படியாகப் படத்தோடு வழிகாட்டி கிடைக்கும். வீடியோ பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உன் கையில் இருக்கும் அதே மாடலின் கையேட்டை முதலில் படி.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். உயிரை எடுக்க அது போதும். சந்தேகம் வந்தால் வேறு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பார். அல்லது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க, வெளியே வரும் ஒயர்களில் மல்டிமீட்டர் வைத்துப் பார். வழக்கமான நிறங்கள் என்றால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது மஞ்சளில் 11.4-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். பழைய குழாய் மானிட்டர்களையும் திறக்காதே, அவற்றின் உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

அதே அளவு ஆபத்து, உப்பிய லேப்டாப் பேட்டரி. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அல்லது மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். அதைக் கண்டதும் சார்ஜ் போடுவதை நிறுத்து. குத்தாதே, அழுத்தாதே, நெம்பாதே. துளை விழுந்தால் தீப்பிடிக்கும். உன் வயதில் அதைக் கழற்றும் வேலை வேண்டாம், அனுபவசாலியிடம் கொடுத்துவிடு. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது.

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் உனக்கு ஆபத்தில்லை, பாகங்களுக்குத்தான் ஆபத்து. நமக்குச் சுள்ளென்று உறைக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே அடிபடும். அதாவது உனக்குத் தெரியாமலே கொன்றுவிடுவாய். நிலைமின்சாரத்தைத் தரையிறக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொள். கம்பளம் விரித்த தரையில் உட்கார்ந்து வேலை செய்யாதே.

கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டாம். நல்ல எஃகில் செய்த சிறு ஸ்குரூ டிரைவர் செட் ஒன்று: பிலிப்ஸ் 00, 0, 1 மூன்றும் இருந்தால் பெரும்பாலான லேப்டாப்கள் திறக்கும், சிலவற்றுக்கு நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் வேண்டும். மலிவான பிட் ஸ்குரூ தலையை வழித்துவிடும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பி, தூரிகை, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், மல்டிமீட்டர், டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர், இரண்டு பென் டிரைவ். ஒரு பென் டிரைவில் வென்டாய் போட்டுக்கொண்டால் விண்டோஸ், லினக்ஸ், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது, இப்போது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செத்த போர்டுகளில் மட்டும் பழகு. வாடிக்கையாளரின் போர்டில் சால்டரிங் வைக்க இன்னும் சில வருடம் ஆகும்.

பழைய மெஷின்களோடு வருபவர்கள் 'இதை இனி என்ன செய்வது?' என்று உன்னிடம் நிச்சயம் கேட்பார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பல பழைய மெஷின்கள் தகுதி பெறாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றை நிறுவிக் கொடுத்தால் இணையம், கடிதம், படம் பார்க்க அது இன்னும் பல வருடம் ஓடும். அவருக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் கேள். திருட்டு விண்டோஸ், திருட்டு ஆபீஸ் போட்டுத் தரச் சொல்வார்கள். முடியாது என்று சொல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த கிராக் கோப்புகளோடு உள்ளே நுழையும் வைரஸ் உன் பெயரில்தான் பேசப்படும்.

'கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரை முழுக்கக் கத்தும் போலி எச்சரிக்கையோடும் வருவார்கள். பிரவுசரை மூடினால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே அழைத்து, யாரையோ உள்ளே விட்டு, வங்கி விவரம் கொடுத்திருந்தால் லேப்டாப்பைத் தொடும் முன் வங்கிக்குப் போன் போட வை. மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. 2022-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சின்னப் பழுது வைத்த லேப்டாப்களில் ரகசியமாகப் பதிவு எடுக்கும் ஏற்பாடு செய்து சர்வீஸ் கடைகளுக்கு அனுப்பினார்கள். ஆறு கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு கடைகளில் நகலும் எடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஒருவர் தன் லேப்டாப்பைக் கொடுக்கும்போது தன் கடிதங்களையும் குடும்பப் படங்களையும் சேர்த்தே கொடுக்கிறார். வேலைக்குத் தேவையில்லாத ஒரு கோப்பைக்கூடத் திறக்காதே. பேக்கப் எடுத்தால் ஃபோல்டராக எடு, உள்ளே பார்க்காதே. வேலை முடிந்து அவர் சரிபார்த்ததும் உன்னிடம் இருக்கும் நகலை அழித்துவிட்டு, அழித்ததைச் சொல். முடிந்தால் பாஸ்வேர்டை வாங்காதே, அவரையே எதிரில் உட்கார்ந்து போடச் சொல்.

சான்றிதழைப் பொறுத்தவரை, காம்ப்டியா என்ற அமைப்பு தரும் ஏ பிளஸ் சான்றிதழ் பல நாடுகளில் மதிக்கப்படுகிறது. இரண்டு தேர்வுகள். இப்போதே எழுத வேண்டியதில்லை, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அதைப் பிடிக்கவும் வேண்டாம். ஆனால் அதன் பாடத்திட்டத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹார்டுவேர், நெட்வொர்க், பிரிண்டர், பாதுகாப்பு என்று என்னென்ன தெரிய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் தேட வேண்டாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, விடுமுறையில் ஒரு நல்ல சர்வீஸ் கடையில் போய் உட்காருவது. கேள்வி கேட்டால் எரிந்து விழாத, கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்கும் கடைக்காரராகப் பார்த்துப் போ. உன் வயதில் வேலை பார்ப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் விதிகள் இருக்கின்றன, அதனால் வீட்டில் சொல்லி அவர்கள் மூலமாகவே பேசு. தெரியாதவர் வீட்டுக்குத் தனியாகச் சர்வீஸுக்குப் போகாதே.

காசு வாங்கலாம். முதல் இருபது மெஷின் வரை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகு வேலை தொடங்கும் முன்பே தொகையைச் சொல். பாகத்தை அவர்களையே வாங்கித் தரச் சொல்லிவிட்டு, உன் உழைப்புக்கு மட்டும் வாங்கு. சரியாகவில்லையென்றால் வாங்காதே. உன்னால் ஏதாவது உடைந்தால் உடனே சொல், மறைத்து மாட்டிக் கொடுக்காதே.

கடைசியாக, கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொரு மெஷினுக்கும் தேதி, மாடல், சீரியல் எண், உரிமையாளர் சொன்ன பழுது, டேட்டாவைப் பற்றி அவர் சொன்னது, வரும்போது இருந்த கீறல், உடைசல், நீ செய்த சோதனைகள், கடைசியில் கண்டுபிடித்தது. கொண்டு வந்தவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு. முதல் பக்கத்தை மாமாவின் லேப்டாப்புக்கு ஒதுக்கு. படங்கள் எவ்வளவு மீண்டன என்று அதில் எழுதிவிட்டு எனக்கும் ஒரு வரி போடு.